கமுக்கத்துக்கு இங்கிலீஷ்

வாய்க்குள் ஒரு சொல்லை ஒதுக்கி வைத்துக்கொண்டு மலையம்மாள் தெருவைப் பார்க்கிறாள். விரல்கள் கீபோர்டுக்கு மேலே நிற்கின்றன, இறங்கவில்லை. உதடு மட்டும் அசைகிறது. எதிரே டீக்கடையில் நிற்கும் வக்கீல் குமாஸ்தாக்களுக்கு இது பழகிப்போன காட்சி. "அக்கா ஏதோ வார்த்தைய மென்னுக்கிட்டு இருக்காக, இப்பப் போகாதீக" என்று கட்சிக்காரர்களை நிறுத்திவைப்பார்கள். மென்று முடிந்தால் நாலு வரி கடகடவென்று ஓடும். முடியாவிட்டால் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் தெருவைப் பார்ப்பாள்.

உத்தமபாளையம் கோர்ட்டுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடையை ஒட்டி, ஒரு ஷட்டர் அகலம்தான் அவள் கடை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், காலண்டர் அட்டை போட்ட தடித்த அகராதி. இங்கே சாட்சிகள் சொல்வதெல்லாம் தமிழில் பதிவாகும். அதே வழக்கு அப்பீலுக்கு மதுரை ஐகோர்ட்டுக்குப் போகும்போது அத்தனையும் இங்கிலீஷில் போக வேண்டும். அந்தக் காகிதக் கட்டுக்கு டைப்செட் என்று பெயர். மதுரையில் ஐகோர்ட் கிளை திறந்ததிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் வரப்புச் சண்டை, வாய்க்கால் சண்டை, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் மலையம்மாளின் கை வழியாகத்தான் இங்கிலீஷுக்கு ஏறிப் போகின்றன.

முப்பத்தெட்டு வயது. ஒல்லி. நாற்காலியில் முழுதாக உட்கார மாட்டாள். நுனியில், வாசலைப் பார்த்து ஒருக்களித்து, யாரோ கூப்பிட்டால் எழுந்து ஓடத் தயாராக இருப்பவள்போல இருப்பாள். ஷட்டரைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத காலம் அது. ஒவ்வொரு வரி முடிந்ததும் சேவ் பட்டனை அழுத்துவது வழக்கமாகி, சோறு உண்ணும்போதும் இடது கைச் சுண்டுவிரல் தானாக ஒரு தரம் தரையை அழுத்தும். "என்னத்தப் புள்ள சேவ் பண்ற, ரசத்தையா?" என்பான் அவள் புருஷன் விஜயபாண்டி.

இந்தப் பயம் பிறவிக் குணம் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாக்குமூலம். 'கையைப் பிடித்து இழுத்தான்' என்று ஒரு பெண் சொல்லியிருந்தாள். மலையம்மாள் அதை அப்படியே இங்கிலீஷில் கையைப் பிடிக்கவும் இழுக்கவும் வைத்துவிட்டாள். மதுரையில் அதைப் படித்தவர்கள், ரோட்டைக் கடக்க ஒருத்தன் ஒத்தாசை செய்ததற்கு எதற்குக் கேஸ் என்று கேட்டார்களாம். விஷயம் சிரிப்பாகத்தான் திரும்பி வந்தது. மலையம்மாள் சிரிக்கவில்லை. ஒரு பெண் வெட்கத்தை விட்டு, கூண்டில் ஏறிச் சொன்ன வார்த்தை, தன் கையில் வந்து ஒன்றுமில்லாமல் போயிற்றே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து வார்த்தையை மெல்லும் பழக்கம்.

அகராதியை அவள் புரட்டுவாள், ஆனால் நம்ப மாட்டாள். "அதுல வார்த்தைக்கு வார்த்தைதான் இருக்கும். ஆளுக இருக்க மாட்டாக" என்பாள். அவளுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஆள் வேண்டும். ஒளிவு மறைவுக்கு இங்கிலீஷில் எத்தனை சொற்கள் என்று பார்த்து அவளே மலைத்துப் போயிருக்கிறாள். நல்லவர்களுக்கு இத்தனை இல்லையே என்று தோன்றும். ஒவ்வொன்றையும் ஊருக்குள் யார் தலையிலாவது கட்டிவைத்திருந்தாள். 'ஸ்டெல்த்தி' என்றால் அடுப்படி ஜன்னல் வழியாகப் பாதம் பதியாமல் இறங்கி வந்து கருவாட்டைத் தூக்கும் பூனை. 'ஃபர்டிவ்' என்றால் கண். சர்க்கரை வியாதிக்காரரான ஒச்சாண்டி குமாஸ்தா, டீக்கடைப் பின்பக்கம் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அல்வாவை வாயில் போட்டுக்கொள்கிற அந்தப் பார்வை. 'ஸ்னீக்கி' அவ்வளவு மோசமில்லை, பிள்ளைகளுக்கும் பொருந்தும். 'சரப்டிஷியஸ்' சொல்லும்போதே பட்டுச்சேலை உரசுகிற சத்தம் வரும். அவளுக்குப் பிடிக்கும், ஆனால் அகராதியைப் பார்க்காமல் எழுத வராது.

'அண்டர்ஹேண்டட்' என்ற சொல்லோடு மட்டும் அவளுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவளுடைய அப்பா மாட்டுத் தரகர். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார். "எங்க அய்யா ஆயுசு பூரா துண்டுக்குக் கீழதான் கைய வச்சிருந்தாரு. அவரு கை மாதிரி சுத்தமான கை சந்தையிலேயே இல்லம்பாக. இவுக என்னடான்னா கை கீழ இருந்தாலே களவாணிங்கிறாக."

கடைசியில் 'கிளாண்டஸ்டைன்'. அதை அவள் எட்டவே வைத்திருந்தாள். அவள் அடித்த கட்டுகளில் அந்தச் சொல் தனியாக வந்ததே இல்லை. "அது வந்துட்டாப் பின்னாடியே ஒரு ஆம்பள வந்துருவான்" என்பாள்.

2008-ஆம் வருஷத்துக் கடைசியில் வக்கீல் கர்ணன் ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்தார். அவர்தான் அவளுக்கு அதிகமாக வேலை கொடுப்பவர். ஐம்பது வயதுக்காரர், குரலை உயர்த்தாதவர், அவளை ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசாதவர். அவருடைய கட்சிக்காரர் சுருளிராஜன், சின்னமனூர்ப் பக்கம் வாழைத் தோட்டக்காரர். பெண்டாட்டி யுவராணி பிரிந்துபோய் ஜீவனாம்சம் கேட்டுக் கேஸ் போட்டு, கீழ்க்கோர்ட்டில் ஜெயித்துவிட்டாள். அவள் நடத்தை சரியில்லை, ஜீவனாம்சம் கொடுக்க முடியாது என்று சுருளிராஜன் மதுரைக்குப் போகிறார். அதற்கு இருந்த ஒரே சாட்சி பக்கத்து வீட்டு அய்யம்மாள். அவள் வாக்குமூலத்தில் இப்படி இருந்தது:

'யுவராணி அடிக்கடி வீட்டில் சொல்லாமல் கமுக்கமாகப் பஸ் ஏறிப் போகும். பொழுதடையக் கமுக்கமாக வந்துவிடும். எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.'

மலையம்மாள் 'கமுக்க'த்தில் வந்து நின்றாள். தண்ணீர் குடித்தாள். தெருவைப் பார்த்தாள். பெண் பார்க்கப் போகிறவர்கள் "கமுக்கமான பிள்ள, வீட்டுச் சேதி வெளிய போகாது" என்பார்கள், அது பாராட்டு. "கமுக்கமா நிக்குதேன்னு கிட்டப் போயிராத, முட்டிப்புடும்" என்று மாட்டைச் சொல்வார்கள், அது எச்சரிக்கை. அய்யம்மாள் எதைச் சொன்னாள்? கூண்டில் நின்று சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது? சிரித்தாளா, முகத்தைச் சுளித்தாளா? "பேப்பர்ல மூஞ்சி இல்லையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கடைசியில் 'குவயட்லி' என்று போட்டாள். சத்தமில்லாமல், அவ்வளவுதான். வீட்டில் சொல்லாமல் என்பதை வார்த்தை பிசகாமல் அப்படியே வைத்தாள். சேவ் பண்ணினாள். மறுபடியும் சேவ் பண்ணினாள்.

அந்த வரியில் அவள் அவ்வளவு நேரம் நின்றதற்குச் சொல் மட்டும் காரணமில்லை.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ விரலில் தட்டியது. வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவளைப் பயமுறுத்தியது. விஜயபாண்டியின் அக்கா கருத்தம்மாளுக்கு வந்த கட்டியும் வலிக்கவில்லை. அந்த அக்காவை அவன்தான் மதுரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகத் தூக்கிச் சுமந்தான்; அவள் போனபிறகு பல மாதம் வண்டியைத் தொடவில்லை. திராட்சை லோடு ஏற்றிக் குமுளி மலை ஏறுகிறவன், ஆஸ்பத்திரி வாசனை அடித்தால் இன்றைக்கும் வேர்த்துப்போவான். அவனிடம் எப்படிச் சொல்வது? என்னவென்று தெரியட்டும், தெரிந்த பிறகு சொல்லலாம் என்று முடிவு செய்தாள். "வீரபாண்டிக்குச் செவ்வாக்கிழமை வெளக்குப் போடுறதா நேந்திருக்கேன் மாமா" என்றாள். அவன் தலையாட்டினான்.

தேனி பஸ் வீரபாண்டி வழியாகத்தான் போகும். அவள் அங்கே இறங்காமல் தேனிக்குப் போய் ஒரு பெண் டாக்டரிடம் காட்டினாள். ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். திரும்பும்போது வீரபாண்டியில் இறங்கி, கௌமாரியம்மனுக்கு உண்மையாகவே விளக்குப் போட்டு, குங்குமம் வாங்கிக்கொண்டு வந்தாள். புருஷனிடம் சொன்னது முழுப் பொய்யாகிவிடக் கூடாது என்று ஒரு சமாதானம். குங்குமத்தை அவன் நெற்றியில் வைத்தாள். அவன் கண்ணை மூடிக் குனிந்து வாங்கிக்கொண்டான்.

கர்ணன் கட்டைப் படித்துவிட்டு 'குவயட்லி'யைச் சுற்றி வட்டம் போட்டார்.

"ஏத்தா மலையம்மா, இது என்ன?"

"கமுக்கமான்னு இருந்துச்சு சார்."

"கமுக்கமான்னா குவயட்லியா? லைப்ரரில போயி உக்காந்த மாதிரில்ல இருக்கு. வீட்டுல சொல்லாம, ஊருக்குத் தெரியாம, பொம்பளை ஒருத்தி பஸ் ஏறிப் போறா. மதுரைல சீனியர் வக்கீல் படிச்சா என்ன நெனைப்பாரு? கோயிலுக்குப் போயிட்டு வந்துச்சும்பாரு."

மலையம்மாள் குனிந்து மேஜைமேல் இருந்த குண்டூசியை எடுத்து டப்பாவில் போட்டாள்.

"சீக்ரெட்லின்னு போடவா சார்?"

"அது சப்புனு இருக்கும். கிளாண்டஸ்டைன்லின்னு போடு. நான் ஒண்ணும் இல்லாததச் சொல்லச் சொல்லலையே. அகராதில பாரு, ரகசியமான்னுதான் இருக்கும்."

"எங்க போச்சுன்னு தெரியாதுன்னு அடுத்த வரியிலேயே அய்யம்மா சொல்லுது சார்."

"அதையும் போடு. யாரு வேணாங்கிறா? சாயங்காலக் கூரியர்ல போகணும்." அவர் செல்போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

மற்றத் திருத்தங்களை எல்லாம் மலையம்மாள் செய்தாள். கடைசியாக அந்தப் பக்கத்துக்கு வந்தாள். கிளாண்டஸ்டைன்லி என்று அடித்தாள். நீளமான சொல், வரியை அடைத்துக்கொண்டு நின்றது. முழு வரியையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். யுவராணிக்குப் பின்னால் ஓர் ஆள் வந்து பஸ்ஸில் ஏறினான். முகமில்லை, பெயரில்லை, ஆனால் ஏறிவிட்டான். அய்யம்மாள் அவனைப் பார்க்கவில்லை. யாருமே பார்த்ததாகச் சொல்லவில்லை. இந்த ஒரு சொல்தான் அவனுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறது.

அழித்தாள். பழைய சொல்லையே அடித்தாள். பிரிண்ட் கொடுத்தாள். பக்கம் வெளியே வரும்வரை பிரிண்டரின் மூடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல, நின்றாள். அந்தப் பக்கத்தைக் கட்டின் நடுவில் செருகினாள். அவசரமாக வந்த கர்ணன், கட்டைப் பிரிக்காமலேயே, 'இது சரியான மொழிபெயர்ப்பு' என்று இருந்த கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "மாத்திட்டேல்ல?" என்று கேட்டார். "எல்லாம் பாத்துட்டேன் சார்" என்றாள். அது எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. கூரியர்க்காரன் கட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சோதனை முடிவு வரும் நாள்.

பஸ்ஸில் பின் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வழக்கமாக முன்னால்தான் உட்கார்வாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள், வெயில் இல்லை. தெரிந்த முகம் ஏதாவது ஏறுகிறதா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் பார்த்தாள். பார்க்கிறோம் என்று தெரிந்ததும் ஒச்சாண்டி குமாஸ்தாவின் கண் ஞாபகம் வந்தது. சொற்கள் ஒவ்வொன்றாக ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தன. தெருத்தெருவாக யார் யாருக்கோ பங்கு போட்டுக் கொடுத்தவை எல்லாம், ஆளை விட்டுவிட்டு அவளிடம் திரும்பி வந்துவிட்டன. சீலையம்பட்டி தாண்டும்போது முந்தானையை இன்னும் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். பயம் நேற்று செய்ததற்கா, இன்று தெரியப்போவதற்கா என்று பிரிக்க முடியவில்லை.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். மலையம்மாள் காகிதத்தைப் பார்க்காமல் டாக்டரின் முகத்தையே பார்த்தாள்.

"கெட்ட கட்டி இல்லம்மா. பயப்பட வேண்டாம். ஆனா வளருது, எடுத்துர்றது நல்லது. அடுத்த வாரம் வந்து சேர்ந்துருங்க. வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க, கையெழுத்துப் போடணும்."

வெளியே வந்ததும் ஒரு கடை ஓரமாக நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. ஒரு பயம் இறங்கின இடத்தில் இன்னொன்று ஏறி உட்கார்ந்தது. இனி சொல்லியாக வேண்டும். கட்டியைச் சொல்வது எளிது. மறைத்ததை எப்படிச் சொல்வது?

வீரபாண்டியில் இறங்கினாள். விளக்குப் போட்டாள். வீட்டுக்கு வந்தபோது விஜயபாண்டி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான். லோடுக்குப் போகவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கோயில் எப்படி இருந்துச்சு?" என்றான்.

"கூட்டம்தான் மாமா." குங்குமப் பொட்டலத்தைப் பிரித்தாள். அவன் குனியவில்லை.

"ராக்கையா போன் பண்ணுனான்." ராக்கையா அவனோடு லோடு ஓட்டுகிறவன். "தேனி பஸ் ஸ்டாண்டுல உன்னயப் பாத்தானாம். கூப்பிட்டானாம். தலையில முந்தானையப் போட்டு வெரசாப் போயிட்டியாம். போன வாரமும் பாத்தேங்கிறான்."

மலையம்மாளின் கை தலைமேல் கிடந்த முந்தானைக்குப் போயிற்று.

"எதுக்கு மலை கமுக்கமாப் போற?"

அவன் குரலை உயர்த்தவில்லை. மிரட்டியிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பாள். அவன் முகத்தைப் பார்த்தாள். இந்தச் சொல்லைச் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்று நாள் கணக்காக யோசித்தாளே, அது இதோ எதிரில் இருந்தது. கோபம் இல்லை. குற்றம் சாட்டவும் இல்லை. நெஞ்சில் மிதி வாங்கியவன்போல அவன் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"கட்டி ஒண்ணு இருக்கு மாமா. இங்கன." கையை வைத்துக் காட்டினாள். "கெட்டது இல்லேன்னுட்டாக. இன்னைக்குத்தான் சொன்னாக. எடுக்கணுமாம்."

அவன் எழுந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தான்.

"எப்ப இருந்து?"

"தீவாளியில இருந்து."

"தீவாளியில இருந்தா." அவன் தரையைப் பார்த்தான். நெற்றி வேர்த்திருந்தது. "அக்காவுக்கு வந்தப்பவும் அது சொல்லலை. அதுவும் இப்படித்தான் சொல்லாமயே வச்சிருந்துச்சு."

"அதுக்குத்தான் மாமா உங்ககிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு."

"ராக்கையா சொன்னதுல இருந்து இங்கனயே உக்காந்திருக்கேன்" என்றான். பிறகு தலையைத் தூக்காமல், "நான் வேற என்னமோ நெனச்சிட்டேன்" என்றான்.

"என்ன நெனச்சீக?"

அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான். அவள் இரண்டாம் தரம் கேட்கவில்லை. குங்குமப் பொட்டலத்தை மடித்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டிச் சோற்றை வைத்தான்.

ஒரு நல்ல மனுஷன், பதினைந்து வருஷம் கூட வாழ்ந்தவன், மத்தியானத்திலிருந்து வாசற்படியில் உட்கார்ந்து என்னென்ன நினைத்திருப்பான் என்று நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது. நினைத்தது அவன் தப்பும் இல்லை. மறைத்த இடத்தில் எதை வேண்டுமானாலும் நட்டுவிடலாம். அந்தக் கட்டு ஞாபகத்துக்கு வந்தது. அதில் தான் செருகின பக்கமும் ஞாபகத்துக்கு வந்தது.

காலையில் கடையைத் திறக்காமல் நேராகக் கர்ணனின் ஆபீசுக்குப் போனாள். அவர் நீதிமன்றத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நின்றவாக்கிலேயே சொன்னாள். நீங்கள் சொன்ன சொல்லை நான் போடவில்லை. போட்டு, பிறகு எடுத்துவிட்டேன். நீங்கள் பார்க்காமல் கையெழுத்துப் போட்டீர்கள். கட்டு அப்படியே மதுரைக்குப் போய்விட்டது.

கர்ணன் கறுப்புக் கோட்டை ஒரு கையில் மாட்டினவர், மற்றக் கையை நுழைக்காமலே நின்றார்.

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்ல மலையம்மா?"

"ஆமா சார்."

"முடியாதுன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லிருக்கலாம்ல? வேற ஆள வச்சுக்கோங்கன்னு சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருக்கணும் சார். பயந்துட்டேன்."

"இதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு? உனக்குத்தான் நல்லாத் தெரியுமே."

"அண்டர்ஹேண்டட் சார்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் செஞ்சது அதுதான். எனக்கு அது தெரியும். அந்தப் பொண்ணு செஞ்சது என்னன்னு எனக்குத் தெரியாது சார். அய்யம்மாவுக்கும் தெரியாது."

வெளியே ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்தது. கர்ணன் செல்போனை எடுத்தார், மதுரை நம்பரைத் தேடினார், கட்டைவிரலை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"கட்டு பதிவாகிப்போயிருக்கும். இப்பப் போயி மாத்துனா ஏன் மாத்துறேன்னு கேப்பாக. கெடக்கட்டும்." கோட்டின் மற்றக் கையை மாட்டினார். "நீ போ."

அவர் மன்னித்துவிட்டார் என்று சொல்ல முடியாது. பொங்கல் கழிந்தும் அவரிடமிருந்து ஒரு கட்டும் வரவில்லை. டீக்கடையில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். அந்த வாரங்களில் மலையம்மாள் பயோடேட்டாவும், வீட்டு வாடகை ஒப்பந்தமும், மஞ்சள் நீராட்டு அழைப்பிதழும் அடித்தாள். மாசியில் ஒருநாள் அவருடைய குமாஸ்தா ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சார் குடுக்கச் சொன்னாக" என்றான். கூடவே ஒரு சேதியும் சொன்னான்: "சந்தேகம் இருந்தா போன் பண்ணிக் கேக்கணுமாம்." அன்றிலிருந்து அவள் கேட்கிறாள். சில சொற்களுக்கு ஒரே நாளில் மூன்று தரம்கூடக் கேட்பாள். அவர் அலுத்துக்கொண்டே பதில் சொல்வார்.

யுவராணியின் வழக்கு இன்னும் மதுரையில் நிலுவையில் இருக்கிறது. அவளை மலையம்மாள் ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ரேஷன் கார்டு நகல் எடுக்க நின்ற பெண்ணை, கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உயரமான பெண். சில்லறையை வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். எங்கே போனாய் என்று கேட்க மலையம்மாளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்க அவளுக்கு என்ன உரிமை? கம்பம் பஸ் வந்தது. அந்தப் பெண் ஏறிப் போனாள்.

இதெல்லாம் பிற்பாடு நடந்தவை. ஆபரேஷனுக்குப் போன அன்று காலையில் மலையம்மாள் கடைக்கு வந்தாள். விஜயபாண்டி துணிப்பையும் தண்ணீர் பாட்டிலுமாகத் தெருவில் நின்றான். முகம் வெளிறித்தான் இருந்தது, ஆனால் கூடப் போகிறான். அவள் ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். டீக்கடைக் குமாஸ்தாக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து ஷட்டரில் எழுதினாள்: 'தேனி போகிறேன். வெள்ளிக்கிழமை வருவேன்.'

நாலடி நடந்தாள். நின்று திரும்பிப் படித்தாள். உதடு அசைந்தது.

"பஸ் வந்துரும் மலை" என்றான் விஜயபாண்டி.

அவள் திரும்பி வந்து, 'தேனி'க்கும் 'போகிறேன்' என்பதற்கும் நடுவில், விட்டுப்போன வார்த்தையைச் சேர்க்கப் போடுகிற அந்தச் சின்னக் கூரை அடையாளத்தைப் போட்டாள். அதற்கு மேலே, தெருவில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில், 'ஆஸ்பத்திரிக்கு' என்று எழுதினாள்.